பேதிக்கு மார்க்

எங்கள் அறைக்குள் ஒரு மரப்பெட்டி வரப்போகிறது, அதனால் நாங்கள் மூன்று பேரும் வெளியே போக வேண்டும் என்று செகரட்டரி கல்யாணராமன் சார் அப்பாவிடம் சொன்னபோது, அவர் கையில் ஒரு தம்ளர் நெய் இருந்தது. சொல்லிவிட்டு அதை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"சார் அழுதாரு," என்று உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அது கசப்பு நெய்யிய்யா," என்றாள் அம்மா. "மூணாவது மாடியில அல்லாரும் அப்பிடித்தான் அழுவுறாங்க."

மந்தைவெளியில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கட்டடம். பதினாறு வீடு, ஒரு லிஃப்ட். அப்பா முருகையன் அங்கே வாட்ச்மேன். அம்மா சுப்பம்மா படிக்கட்டு கூட்டித் துடைத்து, மூன்று வீட்டில் பாத்திரமும் தேய்ப்பாள். படிக்கு அடியில் பத்துக்கு ஒன்பது அளவில் எங்கள் அறை. முன்பு அடையாற்றங்கரையில் இருந்தோம். அங்கிருந்து எங்களை எடுத்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் ஆற்றோரத்திலேயே நின்றுவிட்டது, நாங்கள் மட்டும் போனோம். நான் பத்தாவதில் நின்றது அப்படித்தான். போன வருஷம் அப்பாவுக்கு இந்த வேலை கிடைத்து, அறையும் கிடைத்தது. அது போனால் மறுபடி பெரும்பாக்கம். அங்கிருந்து அப்பா காலை ஆறு மணி டியூட்டிக்கு வர நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று வீடும் போய்விடும்.

பெட்டி ஏற்கெனவே வந்து கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தது. உள்ளே ஆள் உட்கார்ந்தால் தலை மட்டும் மேலே தெரியும். குழாய் வழியாக ஆவி விடுவார்கள். ஆள் வேகும். இட்லிப் பானை மாதிரிதான், தட்டு மட்டும் இல்லை.

எல்லாம் ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. அடையாறில் ஆயுர்வேத கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மீனாட்சி ஒரு நாள் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் பேசினார். வசந்த காலத்தில் வாந்திக்கு மருந்து, மழைக்காலத்தில் பின்வழியாக எண்ணெய் ஏற்றும் வஸ்தி, சரத் காலத்தில் பேதிக்கு மருந்து. அந்தந்தப் பருவத்தில் உடம்பில் சேர்ந்ததை அந்தந்தப் பருவத்திலேயே வெளியேற்றிவிட்டால் நோய் அண்டாது என்று சொன்னார். கல்யாணராமன் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார். 'இக்குடியிருப்பு இனி நோயற்ற குடியிருப்பாக இயங்கும்' என்று அதில் இருந்தது. கீழே முத்திரை. அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாமல் காய்ச்சல்கூட அவருக்கு வராது.

வருஷத்துக்கு மூன்று முறை வாந்தி, வஸ்தி, பேதி என்றால் அதற்கென்று ஓர் அறை வேண்டும். தண்ணீர்க் குழாயும் சாக்கடை வழியும் உள்ள ஒரே பொது அறை எங்களுடையது. அதற்கு 'சுத்தி அறை' என்று பெயரும் வைத்துவிட்டார். ஐப்பசி ஒன்று சனிக்கிழமை எல்லோருக்கும் பேதி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. அதில் அறைக்கான தீர்மானம். திங்கட்கிழமை தீபாவளி.

டாக்டர் மீனாட்சி வந்து பார்த்துவிட்டு முதலில் மாட்டேன் என்றார்.

"சார், ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு வாகு. இப்படி மொத்தமா ஒரே நாள்ல பண்ற விஷயம் இல்ல இது."

"போன வருஷம் மொத்தமாத்தான் வெள்ளையடிச்சோம். நன்னாத்தானே இருக்கு?"

"சரத் காலம்னா மழை விட்டு வானம் தெளிஞ்சிருக்கணும். இங்க பாருங்க, ஊத்துது."

"பஞ்சாங்கப்படி ஐப்பசி பொறந்துடறது டாக்டர். மேகம் இன்னும் போகலைன்னா அது மேகத்தோட தப்பு. நான் மினிட்ஸ்லயே எழுதிட்டேன், சரத் ருது ஆரம்பம்னு."

"சரி, தீபாவளிக்கு அப்புறம் வெச்சுக்கலாமே?"

"முன்னாடிதான் வெச்சுக்கணும்," என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "வயித்தைக் காலி பண்ணி வெச்சாத்தானே பட்சணத்துக்கு எடம் இருக்கும்?"

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தான் இல்லாவிட்டால் இவர்கள் யூடியூப் பார்த்துத் தாங்களே செய்துகொள்வார்கள் என்று பிறகு அப்பாவிடம் சொன்னாராம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம், வயது, கர்ப்பம் என்று பார்த்து ஒன்பது பேரை விலக்கினார். ஹால் டிக்கெட் கிடைக்காதவர்கள் மாதிரி அவர்கள் கெஞ்சினார்கள். பதினெட்டுப் பேர் தேறினார்கள். அவர்களுக்கு ஒரு வாரம் நெய், பிறகு உடம்புக்கு எண்ணெய், பெட்டியில் ஆவி. லிஃப்டுக்குள் போனால் வேப்பெண்ணெய்க் கடைக்குள் போனது போல இருந்தது. கைப்பிடி வழுக்கியது.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் கூட்டி டாக்டர் கடைசி விவரங்களைச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல சிவதை லேகியம் குடுப்பேன். அப்புறம் எத்தனை தடவை போறீங்கன்னு சரியா எண்ணணும். முப்பது தடவைன்னா உத்தமம். இருபதுன்னா மத்திமம். பத்துன்னா சுமார். பத்துக்குக் கீழன்னா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம், இன்னொரு நாள் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

இரண்டாவது மாடி அனந்தராமன் சார் கையைத் தூக்கினார். அவர் முன்னாள் செகரட்டரி.

"முப்பதுதான் மேக்ஸிமமா டாக்டர்? இல்லை, அதுக்கு மேலயும் வாங்கலாமா?"

"வாங்கற விஷயம் இல்ல சார் இது. உத்தமம்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, உடம்பு அவ்வளவு காலியாயிருக்குன்னு அர்த்தம். அதுக்கேத்த மாதிரி பத்தியம் இருக்கணும். அந்தத் தாளோட பின்பக்கம் போட்டிருக்கேன், எல்லாரும் கண்டிப்பாப் படிங்க…"

யாரும் தாளைத் திருப்பவில்லை. எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரவர் எண்ணிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று ரெஹான் சொன்னான். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் சாஃப்ட்வேர்காரன். கூடாது, பொய் சொல்வார்கள் என்று அனந்தராமன் சார் செகரட்டரியைப் பார்த்துச் சொன்னார். நடுநிலையான ஆள் வேண்டும் என்று தேடினார்கள். செகரட்டரியின் மனைவி நீரஜா மாமிதான் வழி சொன்னார்.

"முருகையன் பொண்ணு அன்புக்கரசி இருக்காளே. கையெழுத்து மணிமணியா இருக்கும். வாயே தொறக்க மாட்டா."

பேசாத காரணத்துக்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பேச்சு வராது என்றில்லை. அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவேன். வேறு ஆள் எதிரே நின்றால் சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசாகத் தொண்டை வரைக்கும் வரும். அங்கே கதவு சாத்தியிருக்கும். பள்ளிக்கூடத்திலும் 'உள்ளேன் ஐயா' சொல்லாமல் ஆப்சென்ட் வாங்கியவள் நான்.

சனிக்கிழமை காலை அம்மா என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே சொன்னாள்.

"தபாரு அரசி, அல்லாரு வூட்டுக்கும் போற. செகரட்டரி சார்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. 'சார், எங்கள வெளிய அனுப்பாதீங்க, பொங்கல் வரைக்குமாவது உடுங்க'ன்னு. நாங்க சொன்னா கூலிக்காரங்க கெஞ்சுறாங்கன்னு போயிடுவாரு. நீ படிச்ச பொண்ணு."

"பத்தாவது கூட முடிக்கலம்மா."

"அவருக்கு இன்னாடி தெரியும்? மூஞ்சில எழுதியா கீது?"

ஒன்பது மணிக்கு லேகியம் கொடுத்தார்கள். பத்து மணிக்குக் கட்டடம் வேலை செய்ய ஆரம்பித்தது. அப்பா மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பதினாறு வீட்டிலிருந்தும் தண்ணீர் இறங்கும் சத்தம் குழாய்களில் கேட்டுக்கொண்டே இருந்தது. மழை வெளியே பெய்கிறதா உள்ளே பெய்கிறதா என்று தெரியவில்லை.

நான் நீள நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு முறை மாடி ஏறி இறங்கினேன். 'எத்தனை?' என்று கேட்க வாய் வராததால் நோட்டை விரித்துப் பென்சிலால் அவர்கள் பெயரைத் தொட்டுக் காட்டுவேன். அதுவே போதுமாக இருந்தது.

அனந்தராமன் சார் ரயில்வேயில் இருந்தவர். தனியாக ஓர் அட்டவணையே போட்டிருந்தார். "பத்து பதினேழுக்கு ஒண்ணு. பத்து முப்பத்தொண்ணுக்கு ஒண்ணு. பத்து நாப்பத்தாறு வரவேண்டியது, நாலு நிமிஷம் லேட்டு. எழுதிக்கோ."

ரெஹான் கதவைப் பாதி திறந்து, காதில் போனோடு நின்றான். "பாஸ் மார்க் எவ்ளோம்மா? பத்தா? போதும், எனக்கு எப்பவுமே பார்டர்தான்." பிறகு போனில், "மச்சி, மீட்டிங்ல இன்னைக்கு என்னை வீடியோ ஆன் பண்ணச் சொல்லாத. ஏன்னு கேக்காத." கதவு சாத்திக்கொண்டது.

முதல் மாடியில் காலேஜ் டீச்சர் ஸ்நேஹா என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "நீரஜா மாமிக்கு எவ்ளோ? பதினேழா? எனக்குப் பதினாலுதானா?" என்று உடனே ஒரு செம்பு வெந்நீரை எடுத்துக் குடித்தாள். அடுத்த அரை மணியில் பதினெட்டாகிவிட்டாள். நீரஜா மாமி அதைக் கேள்விப்பட்டு, "நேத்தி வரைக்கும் முழங்கால் வலின்னு மாடி ஏற மாட்டேன்னாளே, இதுக்கு மட்டும் எப்படி ஓடறா?" என்றார்.

செகரட்டரி சார் வீட்டில் நிலைமை சரியில்லை. பதினோரு மணிக்கு இரண்டு. ஒரு மணிக்கு ஐந்து. மூன்று மணிக்கு ஒன்பது. அதோடு நின்றது. ஒவ்வொரு முறை போகும்போதும் அம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைப் படியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். அவர் கதவைத் திறப்பார். நான் பென்சிலால் அவர் பெயரைத் தொடுவேன். அவர் முகம் சுருங்கும். வாக்கியம் உள்ளேயே தங்கிவிடும்.

அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். வெந்நீர் குடித்தார். மொட்டை மாடிக்குப் போய்க் குடையோடு வேகமாக நடந்தார். மூன்றரைக்கு அனந்தராமன் சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியில் அவரைப் பார்த்தார்.

"என்ன கல்யாணம், எக்ஸாம் ஹால்லேர்ந்து அதுக்குள்ள வெளில வந்துட்டேள் போலிருக்கே? நேக்கு இருபத்தெட்டு ஆயிடுத்து."

"நேக்கு இன்னும் டயம் இருக்கு."

"இருக்கும் இருக்கும். நாளைக்கு மீட்டிங்ல லிஸ்ட்டை நீங்கதானே வாசிக்கப்போறேள்? நிறுத்தி நிதானமா வாசிங்கோ."

நாலு மணிக்கு அனந்தராமன் சார் முப்பது. நான் எழுதிவிட்டுத் திரும்பும்போது, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே உள்ள திருப்பத்தில் செகரட்டரி சார் நின்றிருந்தார். கையில் எப்போதும் வைத்திருக்கும் ரெக்ஸின் பை. மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அரசி, இந்த ஒன்பதை இங்க்ல எழுதிட்டியா, பென்சில்லயா?"

நான் பென்சிலைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லது. பாரும்மா, நான்தான் இந்த ஏற்பாட்டையே பண்ணினவன். நானே ஃபெயில்னா நன்னாவா இருக்கும்? நீ கொஞ்சம் பார்த்துப் போடு. உங்கப்பா விஷயமா நானும் பார்த்துச் செய்யறேன்."

இதுதான் சமயம். வாக்கியம் தொண்டைக்கு வந்தது. 'சார், எங்கள வெளிய.' கதவு சாத்தியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"சரி. பொங்கல் வரைக்கும் இருந்துக்கோங்கோ."

அம்மா கேட்கச் சொன்னதே அதுதான். உடனே 'ரொம்ப தேங்க்ஸ் சார்' என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் அம்மா சொல்லிக்கொடுத்ததில் இல்லை. புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"பொங்கல் போறாதாக்கும். சரி, அடுத்த ஐப்பசி வரைக்கும்."

பென்சில் கீழே விழுந்து படியில் உருண்டது. நான் நாலு படி இறங்கிக் குனிந்து எடுத்தேன். அவர் அதைப் பேரம் படியாமல் எழுந்து போவதாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

"நில்லு, நில்லு! நான் செகரட்டரியா இருக்கற வரைக்கும்!"

நான் நிமிர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கத் தலையைத் திருப்பினேன்.

"அதுவும் போறாதா?" என்று அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "எலெக்‌ஷன்ல நான் தோத்துட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கறே. முப்பத்தாறு வருஷம் யூனியன்காராளோட உட்கார்ந்து பேசியிருக்கேன், உன்னை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை. சரிம்மா. நிரந்தரம். போறுமா?"

ரெக்ஸின் பையைப் படியில் வைத்தார். சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, கைப்பிடிச் சுவரில் வைத்து எழுதினார். 'தரைத்தளத்தில் காவலர் குடும்பம் வசித்து வரும் அறை, அக்குடும்பத்தின் உபயோகத்துக்கே நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது.' கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து முத்திரையை எடுத்து வாயால் ஊதிக் குத்தினார். பிறகு ஒரு யோசனை வந்ததுபோல, 'சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தரப்படும்' என்று தானாகவே இன்னொரு வரி சேர்த்தார்.

தாள் என் கைக்கு வந்தபிறகுதான் குரல் வந்தது.

"எவ்வளவு சார் போடணும்?"

அவர் மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார். "அனந்தராமன் எவ்வளவு?"

"முப்பது."

"முப்பத்தொண்ணு."

ரப்பரால் ஒன்பதை அழித்து முப்பத்தொன்று எழுதினேன். நான் ஒரு பரீட்சையும் பாஸ் ஆனதில்லை. இன்னொருவரை முதல் மார்க் வாங்க வைப்பது இவ்வளவு சுலபமாக இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. பொய் எழுதிவிட்டோம் என்ற எண்ணம் கீழே போகிற வரைக்கும் கூடவே வந்தது. அறைக்குள் அம்மா தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாததால் முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த எண்ணம் என்ன ஆயிற்று என்று நான் தேடவில்லை.

ஆறு மணிக்கு எல்லோரும் கீழே கூடினார்கள். முகம் வாடி, கண் உள்ளே போய், ஆனால் பரீட்சை முடிவு கேட்க வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து நின்றார்கள். டாக்டர் என் நோட்டை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"கல்யாணராமன் சார், முப்பத்தொண்ணா?"

"ஆமாம்."

நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "முப்பத்தொண்ணுக்கு அப்புறம் லிஃப்ட் இல்லாம நடந்தே இறங்கி வந்தீங்களா?"

"தேகப்பயிற்சி டாக்டர். சின்ன வயசுலேர்ந்து."

அனந்தராமன் சார் செகரட்டரியை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் டாக்டர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இன்னொரு எண்ணை எழுத ஆரம்பித்திருந்தார். ஏழு, ஐந்து, மூன்று.

"இது என்ன டாக்டர், ரேங்க்கா?" என்றாள் ஸ்நேஹா.

"கஞ்சி. பின்பக்கத்துல போட்டிருந்தேனே. உத்தமம்னா ஏழு நாள், மத்திமம்னா அஞ்சு நாள், சுமார்னா மூணு நாள். முதல் நாள் உப்பில்லாத கஞ்சித் தண்ணி. அப்புறம் கெட்டிக் கஞ்சி. அப்புறம் பருப்புத் தண்ணி. எண்ணெயில பொரிச்சது, இனிப்பு எதுவும் வாயில வைக்கக் கூடாது. வயித்துல அக்னி இப்ப சின்னத் திரி மாதிரி இருக்கு, மேல விறகைப் போட்டா அணைஞ்சிடும்."

எத்தனையோ பேர் ஒரே சமயத்தில் அந்தத் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"நாளன்னிக்கு தீபாவளி டாக்டர்!"

"அதான் தீபாவளிக்கு அப்புறம் வெச்சுக்கலாம்னு சொன்னேன்."

அதற்குமேல் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்நேஹா தன் இருபத்திரண்டில் பாதி வெறும் சந்தேகத்தில் போனது என்றாள். அனந்தராமன் சார் தன் அட்டவணையை விரித்து, அதில் பதினெட்டு 'முழு வண்டி இல்லை, வெறும் இன்ஜின்தான்' என்றார். ரெஹான் மட்டும் தன்னுடைய பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். மூன்று நாள்தான் அவனுக்கு. டாக்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டு, நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

செகரட்டரி சார் தாளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் என்ன கணக்கு ஓடியது என்று எனக்குப் புரிந்தது. ஒன்பது என்று ஒப்புக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து நெய். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏழு நாள் கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு எல்லோரும் கையில் கஞ்சி ஃபிளாஸ்கோடு வந்தார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலிகளை அந்த ஆவிப் பெட்டியைச் சுற்றிப் போட்டிருந்தார். அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டு நின்றாள். செகரட்டரி சார் எழுந்து, "முதல் தீர்மானம், தரைத்தள அறை சம்பந்தமாக," என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு முன்னாடி," என்று அனந்தராமன் சார் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "முப்பத்தொண்ணுங்கறது நேக்கு நம்பிக்கை இல்லை. மூணரை மணிக்கு இவரைப் படியிலே பார்த்தேன். முகம் பூரி மாதிரி இருந்தது."

"விடுங்க அங்கிள்," என்றான் ரெஹான். "டாப்பர்னா டாப்பர்."

"நீ சும்மா இருப்பா. நீரஜா மாமி, ஆத்துல நீங்கதானே இருந்தேள். முப்பத்தொண்ணா?"

மாமி ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். "எனக்கே இருபத்தாறு. நான் எங்கே அவர் பின்னாடி நின்னுண்டு எண்ணறது?"

"அப்ப எண்ணினவளையே கேப்போம். இங்க வாம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லு. முப்பத்தொண்ணா இல்லையா?"

இருபத்தைந்து பேர் திரும்பினார்கள். செகரட்டரி சார் தீர்மானத் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்தார். அந்தத் தாளை அவர் இன்னும் வாசிக்கவில்லை. நான் தலையாட்டினால் போதாது, இல்லை என்று தலையாட்டியதாக யாராவது சொல்வார்கள். நோட்டைக் காட்டினால் ரப்பர் அழித்த தடத்தைப் பார்ப்பார்கள். நான் பேசாமல் நின்றால் நேற்று மாதிரி அது வேறு ஏதோவாகிவிடும். அம்மாவின் துடைப்பம் நின்றுவிட்டது.

"நான்தான் எழுதினேன் சார்," என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை, யாரோ மூன்றாவது மாடியிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "முப்பத்தொண்ணுதான். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. இனிமே யாருக்கும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது."

அனந்தராமன் சார் உட்கார்ந்தார். அவருக்கு நிற்கத் தெம்பும் இல்லை.

செகரட்டரி சார் தீர்மானத்தை வாசித்தார். அறை எங்களுக்கே நிரந்தரம் என்ற இடத்தில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். பெட்டியை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாம், இன்னும் பத்து வருஷத்துக்கு இங்கே யாரும் சுத்தியாகப் போவதில்லை என்று ஸ்நேஹா சொன்னாள். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். முழுக் கையைத் தூக்க யாருக்கும் முடியவில்லை. விரலைத் தூக்கினார்கள். அப்பா விரல்களை எண்ணி, "அல்லாரும் தூக்கிட்டாங்க சார்," என்றார்.

தீபாவளி அன்று காலை கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வெடி வெடிக்கக்கூட மேலே யாருக்கும் தெம்பு இல்லை. நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டோம். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மசால் வடை சுட்டாள். வெங்காயமும் சோம்பும் எண்ணெயில் விழுந்த வாசனை படி வழியாக மேலே ஏறியது.

அது மூன்றாவது மாடியை எட்டியிருக்கும். செகரட்டரி சார் இறங்கி வந்தார். புது வேட்டி, கையில் கஞ்சி தம்ளர். வாசலில் நின்று அப்பாவிடம், "மோட்டார் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு சார்."

"கேட் பூட்டு?"

"பார்த்துட்டேன் சார்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் போகவில்லை. தட்டில் இருந்த வடைகளைப் பார்த்துக்கொண்டு, கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். நேற்று முன்தினம் மருந்து அவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் அந்த வாசலில் இருந்தோம், மூன்றாமவர் நாடி பார்த்த டாக்டர்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "உள்ள வா சார், வாசல்ல இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? நல்ல நாளும் அதுவுமா," என்றாள்.

அவர் படியின் மேலே ஒரு முறை பார்த்தார். உள்ளே வந்து, எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில், வெளியே தெரியாதபடி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"வெங்காயம் போட்டிருக்கா?"

"ஆமா சார். பூண்டும் கீது."

கஞ்சி தம்ளரைக் கீழே வைத்தார். "பரவாயில்லை. குடுங்கோ."

சூட்டோடு வாயில் போட்டு, ஊதி ஊதிச் சாப்பிட்டார். கசப்பு நெய் குடித்தபோது வந்ததைவிட அதிகமாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா கதவைக் கொஞ்சம் சாத்தினார். நான் மேலே நீரஜா மாமி வருகிறாரா என்று வெளியே நின்று பார்த்துக்கொண்டேன்.

போகும்போது அவர் கையைக் கழுவி, வாயைத் துடைத்து, கஞ்சி தம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு அரசி," என்றார் மெதுவாக. "நாளைக்கு என்ன பண்றா உங்கம்மா?"

"பஜ்ஜி சார்," என்றேன். "பதினோரு மணிக்கு வந்தீங்கன்னா சூடா இருக்கும்."